நாச்சக்கா கிழிச்ச சீட்டு

தலகாணிய நேராப் போட்டுப் படு. பெரியம்மா எதுக்கு மத்தியானமே கம்பெனியில இருந்து வந்துட்டேன்னு இன்னொருக்கா கேட்டீன்னா எனக்குக் கெட்ட கோவம் வந்துரும், சொல்லிப்போட்டேன். கதை வேணுமா, கேள்வி வேணுமா? கதைதானே? அப்ப "ம்" கொட்டு. உங்கம்மா அவ லேப்ல உக்காந்து வருசக்கணக்காப் பாத்துட்டிருக்கற கதைதான் இது. நான் பனியன் கம்பெனிக்காரி, எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்றேன்.

ஒரு ஊர்ல ஒரு... ஊருன்னா பெருசா நெனச்சுக்காத. பன்னு மாவு உப்பறதுக்கு ஈஸ்ட்டுனு போடுவாங்கல்ல, அதுல ஒரே ஒரு பொட்டு. கண்ணுக்கே தெரியாது. அந்தப் பொட்டுதான் ஊரு.

"ம்."

அந்த ஊருக்குள்ள ஒரு அறை, அறைக்குள்ள ஒரு பெரிய புஸ்தகம். சொவரு எப்படிக் கட்டறது, சக்கரைய எப்படித் திங்கறது, எல்லாம் அதுல எழுதியிருக்குது. புஸ்தகம் வெளிய வராது. வேணுங்கற பக்கத்த மட்டும் பாத்து எழுதிச் சீட்டா அனுப்புவாங்க. தூது ஆர்.என்.ஏன்னு உங்கம்மா சொல்லுவா, நமக்குச் சீட்டு. சீட்டுக்குத் தலையில ஒரு தொப்பி, கடைசியில ஒரு நீள வாலு.

அப்புறம் ராயப்பன்னு ஒரு வேலையாளு. தொப்பிப் பக்கமா ஏறி, மூணு மூணு எழுத்தாப் படிச்சு, டக் டக் டக்குனு ஒவ்வொரு மணியாக் கோப்பான். அந்த மணிச்சரத்த வெச்சுத்தான் சொவரெல்லாம் கட்டறது. "நிறுத்து"ன்னு எழுதியிருக்கற எடம் வந்தா, கோத்த சரத்த விட்டுட்டுக் கீழ குதிச்சுருவான். நல்ல சீட்டா கெட்ட சீட்டான்னு அவனுக்குத் தெரியாது. எழுதியிருக்கறதச் செய்வான், அவ்வளவுதான்.

அதப் பாக்கறதுக்குத்தான் நாச்சக்கா. என்னாட்டவே செக்கிங் வேலை, சொத்தையப் பாத்துக் கழிச்சுப் போடறது. என்னாட்டவே வாயி. அவ வர்றான்னாலே ஊரு கப்சிப்புனு ஆயிரும்.

"ம்."

அன்னிக்கு அந்த ஊருக்குப் பக்கவாட்டுல ஒரு மொட்டு விட்டிருந்துது. ஈஸ்ட்டு அப்படித்தான் பாப்பா பெத்துக்கும். மொட்டு பெருத்துப் பெருத்து, பொட்டுனு தனியா வரும். அந்தப் பாப்பாவுக்குச் சொவரு கட்டோணும். சொவரு சொத்தையா இருந்தா, பிரியறப்பவே பாப்பா வெடிச்சுப் போயிரும். அதனால, வெசயா சீட்டு அனுப்பு, வெசயா அனுப்புன்னு ஊரே பறக்குது.

அப்போ மொதச் சீட்டு வந்துது. ராயப்பன் ஏறுனான். டக் டக் டக். பாதியிலயே "நிறுத்து"ன்னு இருக்குது, நிறுத்திட்டான். "ஆச்சுங்கக்கா"ங்கறான்.

நாச்சக்கா பாத்தா. "வாலு எங்கடா?"

"அங்க இருக்குதுங்கக்கா. சித்த தூரமா."

"சித்த தூரமா? இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கெடக்குது! சரியா நிறுத்தியிருந்தா கை நீட்டுனா வாலு எட்டோணும். அரைகுறைச் சரத்த வெச்சு அரைச் சொவரா கட்டுவீங்க? கழட்டுடா தொப்பிய!"

தொப்பி போன தலையக் கண்டா சென்னியப்பன்னு ஒருத்தன் சும்மா இருக்கமாட்டான். அவன் பெருந்தீனிக்காரன். தலையில வாய வெச்சான், நறுக் மொறுக், நறுக் மொறுக், வாலு வரைக்கும் தின்னுட்டான்.

அப்புறம் ரெண்டாவது சீட்டு. இதுல "நிறுத்து"ங்கறதே இல்ல. எழுதுனவன் உட்டுட்டான், நாசமாப் போனவன். ராயப்பன் ஓடறான் ஓடறான், வாலுக்குள்ளயே போயிட்டான். வாலு பூரா ஒரே எழுத்து. ஏ ஏ ஏ, ஏ ஏ ஏன்னு படிச்சுட்டே போயி, கடைசியில எறங்கத் தெரியாமத் தொங்கறான். நாச்சக்கா அவனப் புடிச்சு இழுத்துக் கீழ போட்டுட்டு, பீப்பாயாட்ட ஒருத்தனக் கூப்புட்டு வாலுல இருந்து திங்க உட்டா. கொடக் கொடக் கொடக்.

உங்கம்மா கேட்டா சண்டைக்கு வருவா. ஒவ்வொரு தப்புக்கும் ஒவ்வொரு ஆளு இருக்குதாம். என் கதையில எல்லாத்துக்கும் நாச்சக்காதான், போ.

"ம்..."

தூங்கிறாத, இனித்தான் இருக்குது. மூணாவது சீட்டு நடுவுல முடிச்சு உழுந்து கெடக்குது. ராயப்பன் முடிச்சுல மாட்டிக்கிட்டான், முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் வர முடியல. பின்னால வந்த வேலையாளுக ஒருத்தன் மேல ஒருத்தன் டம்மு டம்முனு வந்து மோதறாங்க. நாச்சக்கா கத்தரியத் தூக்கிட்டு வந்துட்டா. ராயப்பன் கெஞ்சறான்.

"அக்கா, அக்கா, பாப்பா பொறக்கற நேரமுங்க. இது ஒண்ண மட்டும் பாக்காத மாதிரி உட்டுருங்க. ஒண்ணுல என்ன ஆயிரப் போவுது?"

கேட்டியா அவன் பேச்ச? இதே பேச்சுத்தான் கண்ணு, இன்னிக்குக் காலையில எங்க மேனேஜரும் பேசுனான். பொறந்த கொழந்தைக்குப் போடற சட்டை. பட்டன இழுத்தாக் கையோட வருது. பாப்பா அத வாயில போட்டு முழுங்குனா யாரு பதில் சொல்றது, இவன் சொல்லுவானா? லாரி நிக்குதாம், பாஸ் பண்ணி உடோணுமாம். எனக்கு உச்சி மண்டையில சுர்ருனு ஏறிருச்சு. கத்தரிய எடுத்து அந்தக் கட்டு மொத்தத்தையும் கறக் கறக்குனு வெட்டிப்போட்டேன். வீட்டுக்குப் போ, இனி வராதன்னுட்டான். போடான்னு வந்துட்டேன்.

நாச்சக்காவும் அதேதான். கறக்! நடுவுலயே வெட்டுனா. ஒரு துண்டச் சென்னியப்பன் தின்னான், ஒரு துண்டப் பீப்பாக்காரன் தின்னான். பாதியில நின்ன சரத்தையும் உடல, அதையும் பிச்சுப் போட்டா. "இப்ப நல்ல சீட்டு ஒண்ணு எழுதி அனுப்புங்கடா!"ன்னு அவ கத்துன கத்துல அறையே அதிருச்சு. அப்புறம் வந்துது நல்ல சீட்டு. தொப்பி சரி, வாலு சரி, நிறுத்துன எடம் சரி. ராயப்பன் டக் டக் டக்குனு கோத்தான், சொவரு எந்திரிச்சுது, பொட்டுனு பாப்பா தனியா வந்துருச்சு. வெடிக்கல.

"பெரியம்மா... நாச்சக்காவையும் வராதன்னுட்டாங்களா?"

இல்ல சாமி. அங்க மேனேஜரு கெடையாது. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. அவ இல்லேன்னாலும் அந்த ஊரு அன்னிக்கே செத்துராது. உங்கம்மாவே சொன்னா. அது பாட்டுக்கு ஓடும், சொத்தைச் சரம் ஒண்ணொண்ணாச் சேந்துட்டே இருக்கும், ஒருத்தனுக்கும் தெரியாது. அதுதான் எனக்கு வயிறெரியுது. ஒண்ணும் ஆகலீல்லன்னு இந்த மேனேஜருக சொல்றதுக்கு அது ஒண்ணு போதும்.

எங்க, உன்ற சட்டையக் காட்டு. இந்தா, பட்டனப் புடிச்சு இழுக்கறேன். வரல. நல்லா இழுக்கறேன். வரல பாரு. எவளோ ஒருத்தி, எவங்கிட்டயோ திட்டு வாங்கிட்டு, இதப் பாத்து அனுப்பியிருக்கா.

போனு அடிக்குதா? அடிக்கட்டும். அந்த மேனேஜராத்தான் இருக்கும். பட்டனச் சரியாத் தெச்சுட்டுக் கூப்புடட்டும். நாச்சக்கா கத்தரியக் கீழ வெச்சுட்டா, கதையும் தீந்துது. நீ கண்ண மூடு.