பூனையின் நிறம்

"வண்டி வாங்கப் போறவன், ஓட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி..." என்று பெரியப்பா ஏதோ சொல்வார். முன்னாடி என்ன செய்ய வேண்டும் என்பதுதான் நந்தகோபாலுக்கு நினைவில்லை. நான்கு நாட்களாக யோசித்தும் அந்த மீதி வரவில்லை.

இதைக் கலாமணியிடம் சொன்னார். கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கலாமணி கேட்டார்.

"உங்க பெரியப்பாவுக்குக் கால் நல்லா இருந்துதுங்களா?"

"நல்லா இருந்துது. லாரி புரோக்கர். நாள் பூரா நடப்பார்."

"அப்ப மறந்ததே நல்லதுங்க."

காளப்பட்டி சாலையில் கலாமணிக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. கால்களால் ஓட்ட முடியாதவர்களுக்கு, கையாலேயே பிரேக்கும் ஆக்சிலேட்டரும் இயக்கும்படி காரில் கைப்பிடி மாட்டித் தருவது அவர் தொழில். மாட்டியதை ஓட்டவும் கற்றுக்கொடுப்பார். இரண்டு வயதில் போலியோ வந்து, அவரும் சக்கர நாற்காலியில்தான் இருந்தார். நந்தகோபாலைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் இங்கே வந்து போகிறவர்கள் எல்லாரையும் போல நந்தகோபாலும் அவரை டீச்சர் என்றுதான் அழைத்தார்.

நந்தகோபால் பத்தொன்பது வருடம் மெல்போர்னில் இருந்துவிட்டுத் திரும்பியவர். திரும்பிய மறு வருடம் முதுகெலும்பில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. மூன்று மாதம் கலாமணியிடம் கற்று, போன வாரம்தான் லைசென்ஸ் வாங்கியிருந்தார்.

இனி வண்டி வாங்க வேண்டும். அடுத்த மாதம் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலைக்குச் சேர வேண்டும். இருபத்திரண்டு கிலோமீட்டர். "எப்படி வருவீங்க?" என்று நேர்காணலில் கேட்டார்கள். "நானே வந்துடுவேன்" என்று சொல்லி வாங்கிய வேலை.

மடியில் ஒரு காகிதம் இருந்தது. பதினான்கு கார்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நீளம், அகலம், மைலேஜ், டிக்கியின் கொள்ளளவு. அடித்து, எழுதி, மறுபடி அடித்திருந்தார். பேசும்போது சக்கர நாற்காலியை ஓரங்குலம் முன்னால் தள்ளினார், ஓரங்குலம் பின்னால் இழுத்தார். சிமென்ட் தரையில் அது கிறீச்சிட்டது.

"டீச்சர், நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்குள்ள முடிவு சொல்லலைன்னா என் மச்சானே புக் பண்ணிடுவேன்னு நிக்கறார். டிரைவரும் பாத்து வெச்சுட்டார். எந்த வண்டி எடுக்கட்டும்?"

"நீங்க எதை நெனச்சிருக்கீங்க?"

நந்தகோபால் வாசலைக் காட்டினார். ஷோரூமிலிருந்து ஓட்டிப் பார்க்கக் கொடுத்த வெள்ளை வண்டி நின்றது. ஆட்டோமேட்டிக். உயரமான வண்டி. அதன் பானெட்டில் சாய்ந்தபடி அவர் மனைவியின் அண்ணன் தங்கமுத்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அது?"

நாற்காலி நின்றது.

"அதுல உட்கார்ந்தா எல்லாரும் என்னை நிமிர்ந்து பாக்கறாங்க. ரெண்டு வருஷமா நான் எல்லார் இடுப்பையும் பாத்துப் பேசிட்டிருக்கேன்."

கலாமணி வாசலில் நின்ற வண்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்ல காரணந்தானுங்க," என்றார். "மாட்டிடறேன். ஒரு தடவ ஓட்டுங்க."

கழற்றி மாட்டும் கைப்பிடி ஒன்றை வெள்ளை வண்டியில் பொருத்த அரை மணி நேரம் ஆயிற்று. தங்கமுத்து வந்து, ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் கொடுத்து, நந்தகோபாலைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் வைத்தார்.

"பாத்தீங்களா மாப்ள, பூ மாதிரி. இதுக்குப் போயி மெஷினு, லிஃப்ட்டுன்னு அளந்துட்டு இருக்கீங்க. நாங்கெல்லாம் எதுக்கு இருக்கோம்?"

நாற்காலியை மடக்காமல் அப்படியே டிக்கியில் ஏற்றினார். டிக்கி பெரியது. நந்தகோபால் அந்த வண்டிக்கு நேரே மூன்று டிக் போட்டதில் ஒன்று அதற்குத்தான்.

"மச்சான் இங்கியே இருக்கட்டும்," என்றார் கலாமணி. "நீங்க மட்டும் போயி, திருப்பத்துல ஒரு மளிகைக் கடை இருக்குதில்லைங்களா, அங்க கால் கிலோ நாட்டுச் சர்க்கரை வாங்கிட்டு வாங்க. டீ போடணும்."

ஏழே நிமிடத்தில் நந்தகோபால் திரும்பிவிட்டார். ஜன்னல் வழியே பொட்டலத்தை நீட்டினார். முகம் மலர்ந்திருந்தது.

"அருமையான வண்டி டீச்சர். பஸ்காரன்கூட வழி விடறான்."

"கடைக்காரர் நல்லா இருக்காருங்களா?"

"ஹாரன் அடிச்சேன், ஓடியாந்தார். தங்கமான மனுஷன்."

"அங்க ஒரு பூனை இருக்குமே. என்ன நெறம்?"

"பூனையா?"

"பூனைங்க."

"நான் பாக்கலியே."

"போயிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

நந்தகோபால் சிரித்தார். கலாமணி சிரிக்கவில்லை.

தங்கமுத்து இளநீர்க் கூட்டை வீசிவிட்டு வந்தார். "ஏனுங்க, அவர கடைக்குள்ள கூட்டிட்டுப் போகோணும், அவ்வளவுதானே? நானும் ஏறிக்கறேன். எறக்கி, ஏத்திக் கூட்டியாந்தர்றேன்."

"நீங்க வேண்டாங்க."

"பின்ன எப்படி எறங்குவாரு?"

"அதத்தான் நானும் பாக்கணும்."

நந்தகோபால் உயரத்திலிருந்து கீழே தரையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் டிக்கியைப் பார்த்தார். அங்கே அவர் நாற்காலி இருந்தது. மூன்று மாதப் பயிற்சியிலும் அதை எடுத்து வைத்ததும் இறக்கித் தந்ததும் தங்கமுத்துதான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டன.

"எறங்கி என்னங்க டீச்சர் ஆகப்போகுது? சர்க்கரை வந்துடுச்சில்ல? ஹாரன் அடிச்சா கொண்டு வந்து குடுக்கறாங்க. அதுல என்ன தப்பு?"

"தப்பே இல்லீங்க." கலாமணி தன் நாற்காலியை ஜன்னலுக்கு அருகே உருட்டி வந்தார். "எனக்கு இருபத்தாறு வயசுல மொத வண்டி. நாலு வருஷம் நானும் அந்தக் கடை வாசல்ல ஹாரன் அடிச்சேதான் சாமான் வாங்கினேன். உப்பு வேணும்னா உப்பு. சோப்பு வேணும்னா சோப்பு. கேட்டது கேட்டபடி வந்துடும்."

"அப்புறம் என்ன?"

"பேர் தெரியாத சாமானை எப்படிங்க கேக்கறது?"

ஸ்டியரிங்கில் தாளம் போட்ட விரல்கள் நின்றன.

"ஓட்டக் கத்துக் குடுத்தேன். எறங்கக் கத்துக் குடுக்கல. அது என் தப்பு," என்றார் கலாமணி.

கொட்டகைக்குள் ஒரு சின்னச் சாம்பல் நிறக் கார் நின்றது. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கான வண்டி. ஒன்பது வருடப் பழசு. அதே காரின் புதிய மாடல் நந்தகோபாலின் காகிதத்தில் பதினோராவதாக இருந்தது. எதிரே 'தாழ்வு' என்று எழுதி அடித்திருந்தார்.

கலாமணி அதன் கதவைத் திறந்தார். அது அகலமாகத் திறந்தது. இருக்கையின் உயரமும் நந்தகோபாலின் நாற்காலியின் உயரமும் ஒன்றாக இருந்தன.

"வெள்ளை வண்டில இருந்து இவர எறக்கி விடுங்க," என்று தங்கமுத்துவிடம் சொன்னார். "இன்னைக்கு இதோட உங்க வேலை முடிஞ்சுதுங்க."

கலாமணி கொடுத்த வழுக்குப் பலகையை நாற்காலிக்கும் இருக்கைக்கும் இடையில் வைத்து, அதன்மேல் நந்தகோபால் இருக்கைக்கு நகர்ந்தார். கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தார். நாற்காலியின் ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பின்னால் போட்டார். இன்னொன்று கையிலிருந்து நழுவி, கொட்டகை வாசலைத் தாண்டி, சாலைக்கு உருண்டது. கீரைக் கூடையோடு போன ஒரு பெண் காலால் அதை நிறுத்தினாள்.

"உங்குளுதுங்களா?"

"ஆமாங்க."

"வண்டிச் சக்கரம் ரொம்பச் சின்னதா இருக்குதேன்னு பாத்தேன்," என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

தங்கமுத்து இரண்டு தடவை முன்னால் வந்தார். இரண்டு தடவையும் கலாமணி கையை நீட்டித் தடுத்தார். மூன்றாவது தடவை அவர் தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பி நின்றார்.

சக்கரங்கள் போன நாற்காலியின் சட்டத்தை நந்தகோபால் மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் தூக்கினார். முதலில் முகவாயில் இடித்தது. ஸ்டியரிங்கை மேலே உயர்த்தி, இருக்கையைச் சாய்த்து, மறுபடி தூக்கினார். அது இடது பக்கத்து இருக்கையில் போய் விழுந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பதினொரு நிமிடம்.

வண்டி கிளம்பியது. இப்போது அவர் கண்ணுக்கு நேரே லாரிகளின் சக்கரங்கள்தான் தெரிந்தன. ஒரு பஸ் வழி விடவில்லை.

கடை வாசலில் அதே பதினொரு நிமிடத்தைத் தலைகீழாகச் செய்தார். ஹாரன் சத்தம் கேட்காததால் கடைக்காரர் வெளியே வரவில்லை. மூட்டை வண்டிக்காகப் போட்ட சரிவு ஒன்று படியோரம் இருந்தது. அதில் ஏறி உள்ளே போனார்.

கடைக்காரர் திடுக்கிட்டு எழுந்தார். "சார், கூப்பிட்டிருந்தா நானே வந்திருப்பனே. என்ன வேணுமுங்க?"

"ஒண்ணும் வேண்டாம். உங்க பூனை எங்க?"

"பூனையா?"

"கலாமணி டீச்சர் சொன்னாங்க."

"நான் பூனையே வளத்தினதில்லீங்களே. பூனை முடி பட்டா எனக்கு அடுக்குத் தும்மல். எலிப்பொறி இருக்குது, வேணுமுங்களா?"

நந்தகோபாலுக்குக் கோபம் வந்தது. பருப்பு டின்களின் சந்தில் உருட்டிக்கொண்டு போனார். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். கயிறு, துடைப்பம், கோலப்பொடி, இன்னதென்று தெரியாத ஏதோ ஒரு வேர், நாலு விதமான சாம்பிராணி. கடைக்காரர் பின்னாலேயே வந்தார். "அங்க தூசிங்க சார், பாத்து" என்றார். அந்த வேரைக் காட்டி, இது என்ன என்று நந்தகோபால் கேட்டார். கடைக்காரர் சொன்னார். வேறு எதற்கெல்லாம் ஆகும் என்பதையும் சேர்த்தே சொன்னார். பேச்சு பத்து நிமிடம் நீண்டது. பூனை இல்லை.

அவர் கொட்டகைக்குத் திரும்பியபோது டீ ஆறிப் போயிருந்தது. தங்கமுத்து சாலையில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போனில் ஷோரூம்காரர் காத்திருந்தார்.

"மாப்ள, வந்துட்டீங்களா. உசுரே போயிடுச்சு எனக்கு. அவங்க லைன்ல இருக்காங்க. வெள்ளையவே சொல்லிடட்டுமா?"

நந்தகோபால் ஜன்னல் வழியே கலாமணியைப் பார்த்தார். மூச்சு இன்னும் வாங்கியது. உள்ளங்கையில் சக்கரக் கறை.

"அந்தக் கடைல பூனையே இல்ல டீச்சர்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"மூட்டைக்குப் பின்னால வரைக்கும் பாத்தேன். அங்க பூனை இருந்ததே கிடையாது. உங்களுக்கும் அது தெரியும்."

"எனக்குத் தெரியுங்க," என்றார் கலாமணி. "மொதத் தடவ போயிட்டு வந்தப்ப உங்களுக்குத் தெரியலீங்களே."

மறுநாள் வெள்ளிக்கிழமை, நந்தகோபால் அந்தத் தாழ்வான காரின் புதிய மாடலைச் சாம்பல் நிறத்திலேயே பதிவு செய்தார். முன்னால் இடது இருக்கை நாற்காலிக்கு என்றும், மச்சான் வந்தால் பின்னால் உட்கார வேண்டும் என்றும் தங்கமுத்துவிடம் சொன்னார்.