லீவர் பிடிக்க ஓர் ஆள்

கஸ்பாருக்கு வயது ஐம்பத்து நான்கு. அவருக்கு எஞ்சின் வேலை சொல்லிக்கொடுக்கும் ரெக்ஸலினுக்கு முப்பத்து மூன்று. "பேர் சொல்லிக் கூப்பிடுங்க அண்ணாச்சி" என்று அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. படிக்கிற இடத்தில் வயது பார்க்கக் கூடாது என்று டீச்சர் என்றே கூப்பிட்டார். வீட்டில் அவர் இவ்வளவு பணிவானவர் இல்லை.

அவள் பட்டறை தூத்துக்குடி உப்பளங்களுக்குப் பின்னால், உப்பங்கழியோரம் இருந்தது. அன்று காலை கஸ்பார் தன் படகை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்தார். தீவுக்கு ஆள் ஏற்றுகிற படகு. எஞ்சின் உள்ளே இருக்கும். புரொபெல்லர் மாட்டிய கால் பின்பக்கம் வெளியே இருக்கும். லீவரைத் தள்ளினால் ஒரு கேபிள் நகர்ந்து காலுக்குள் கியரை மாற்றும். கேபிளின் அளவை அதன் நுனியில் உள்ள நட்டைத் திருகிச் சரிசெய்ய வேண்டும்.

"ஒம்பது நாளா கேபிள் நட்டைத் திருகுதேன் டீச்சர். சரிப்படல."

"என்ன செய்யுது?"

"அத விடுங்க. எனக்கு ஒண்ணு தெரியணும். தப்பு கேபிள்லயா, லீவர் பிடிச்ச கையிலயா?"

"யார் கை?"

"தம்பி கை."

ஒன்பது நாளுக்கு முன் அவர் தம்பி ததேயு படகைக் கரைக்குக் கொண்டுவந்தபோது, அது நிற்காமல் போய்த் துறைச் சுவரில் மோதியது. முன்பக்கம் விரிசல் விட்டது. ஒரு அம்மாவுக்குக் கை சுளுக்கிக்கொண்டது. "நியூட்ரல்ல போட்டேண்ணே, போட்டேண்ணே" என்று ததேயு கத்தினான். கஸ்பார் காதில் வாங்கவில்லை. ஏறிய ஆட்கள் எல்லாரும் பார்க்க, நாற்பது வயதுத் தம்பியைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். அடித்த நொடியே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வாய் மட்டும் திட்டிக்கொண்டே இருந்தது.

அன்றைக்குப் போனவன் பிறகு வரவில்லை.

ரெக்ஸலின் படகில் ஏறினாள். எஞ்சின் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டாள்.

"லீவரை நியூட்ரல்ல வைங்க."

வைத்தார்.

"சரியா வச்சீங்களா?"

"இருபது வருசமா படகு ஓட்டுதேன் டீச்சர்."

"அப்ப இறங்கி வந்து புரொபெல்லரைச் சுத்துங்க."

நியூட்ரலில் இருந்தால் அது கையால் சுற்றினாலே லேசாகச் சுற்ற வேண்டும். கஸ்பார் ஒரு கையால் தள்ளினார். பிறகு இரண்டு கையாலும் தள்ளினார். அசையவில்லை. கியர் இன்னும் உள்ளே மாட்டியே இருந்தது.

"இப்ப நியூட்ரல்ல போட்டது யாரு?" என்றாள் ரெக்ஸலின்.

"நான்தான்."

"உங்க கையில தப்பா?"

அவர் புரொபெல்லரிலிருந்து கையை எடுத்தார்.

"மோதுறதுக்கு முந்தின நாளு லீவர் இறுக்கமா இருந்துச்சு. நான்தான் நட்டைத் திருகி வச்சேன்."

"அப்ப புரொபெல்லரைத் திருப்பிக் குடுத்தது யாரு?"

"யாரும் இல்ல."

எஞ்சின் ஓடாதபோது கேபிளுக்கு அளவு வைப்பதானால் ஒருவர் லீவரைத் தள்ள, இன்னொருவர் பின்னால் புரொபெல்லரை மெல்லத் திருப்ப வேண்டும். அப்போதுதான் காலுக்குள் பல்லோடு பல் சேரும். திருப்பாவிட்டால் சேராமலே சேர்ந்த மாதிரி இருக்கும். அதை நம்பி வைத்த அளவு அத்தனையும் தப்பு; லீவர் நியூட்ரலுக்கு வந்தாலும் கியர் விலகாது.

"தம்பியைக் கூப்பிடலியா?"

"அவனைக் கூப்பிட்டா வேலை கெட்டுப்போகும்னு நெனச்சேன்."

ரெக்ஸலின் ஸ்பேனரைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். கஸ்பார் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"நீங்க லீவர் பிடிங்க டீச்சர். அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும்."

"முடிஞ்சிரும்."

"பின்னே?"

"நாளைக்கு ஆளு ஏத்திட்டு ஓட்டப்போறது நானா, அண்ணாச்சி?"

அவர் போனை எடுத்தார். ரொம்ப நேரம் அடித்தது. ததேயு எடுத்தான்.

"ஏல, நட்டைத் தப்பா வச்சது நான்தாம்ல." என்றார் கஸ்பார். "நீ சரியாத்தான் போட்டிருக்க. இங்க லீவர் பிடிக்க ஆளு இல்ல."

ததேயு கேட்டான்.

"சாவிய எடுத்துட்டியாண்ணே? எடுக்காம புரொபெல்லர்ல கைய வச்சிராத. வாரேன்."

கஸ்பார் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதார். ரெக்ஸலின் தடுக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"வந்தான்னா அவன்கிட்ட என்ன சொல்லணும் டீச்சர்?"

"சொல்லுறது உங்க இஷ்டம் அண்ணாச்சி. லீவரைத் தம்பிகிட்ட குடுத்துட்டு, நீங்க பின்னால போயி உக்காந்து, புரொபெல்லர்ல கைய வைங்க. எப்பத் திருப்பணும்னு அவர் சொல்லட்டும்."