ஒரு சாண் இடைவெளி

நோர்வேயில் ஒரு சிறு நகரம். துளசிகா அங்கே கார் ஓட்டப் பழக்குகிற ஆசிரியை. அவளிடம் பழகி லைசென்ஸ் எடுத்து, இப்போது மறுபடி வந்து நின்ற சீடர் அருளம்பலம் அவளைவிட இருபது வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறை வீதியில் வருடக்கணக்காக மினிபஸ் ஓட்டிய மனிதர். அதனால் அவரிடம் அடக்கத்தைப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. அன்றைக்கு மட்டும் ஆள் குழம்பிப் போயிருந்தார்.

"ரீச்சர், ஒரு கேள்வி."

"சொல்லுங்கோ அண்ணை."

"போன கிழமை ஐஸ் றோட்டில ஒரு சின்னப்பிள்ளை குறுக்கை ஓடி வந்திட்டுது. பிரேக்கை அமத்தினன். ஒரு சாண் இடைவெளியில கார் நிண்டுது. சனம் எல்லாம் என்னைப் புகழுது. ஆனால் அந்த நேரம் காலுக்குக் கீழை பிரேக் தன்ரை பாட்டுக்குத் துடிச்சது. நிப்பாட்டினது நானோ, காரோ?"

"அதை ஏன் இப்ப கேக்கிறியள்?"

"சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளை வானுக்குள்ள ஏத்திக்கொண்டு மலையாலை இறங்க வேணும். தாய் தேப்பன் என்னை நம்பி விடுகினம். நான் நிப்பாட்டேல்லை எண்டால், ஏலாது எண்டு இப்பவே சொல்லிப்போட வேணும்."

துளசிகா சறுக்கலில் ஓட்டிப் பழகும் திடலுக்கு அவரை அழைத்துப் போனாள். தண்ணீர் ஊற்றி உறைய விட்ட தரை. நடுவில் சிவப்புக் கூம்புகள். பழகுகிற காரில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அமத்தினால் வழுக்கலில் காரைப் பிடிக்கிற மின்கருவிகள் எல்லாம் ஓய்ந்துவிடும். அவள் அதை அமத்தினாள்.

"நாப்பதில வந்து, கூம்புக்கு முன்னாலை நிப்பாட்டுங்கோ."

அவர் பிரேக் பிடித்தார். சில்லுகள் உருளாமல் இறுகின. கார் சுழன்று, வந்த வழியைப் பார்த்தபடி நின்றது. அந்தக் குளிரிலும் மனிதருக்கு வியர்த்துவிட்டது.

"அப்ப அண்டைக்கு நிப்பாட்டினது கார்தான்," என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது.

அவள் மறுபடி பொத்தானை அமத்தி எல்லாவற்றையும் உயிர்ப்பித்தாள். அதே வேகம், அதே இடம். பிரேக் காலுக்கடியில் துடித்தது. கார் நேராக வந்து கூம்புக்கு முன்னால் நின்றது.

"பாத்தியளே. நான் போய் ஏலாது எண்டு சொல்லுறன்."

"பொறுங்கோ. இப்ப அறுபதில வாங்கோ."

பொத்தானை அவள் தொடவில்லை. பிரேக் முன்போலவே துடித்தது. ஸ்டியரிங்கையும் அவர் நேராகவே பிடித்திருந்தார். கார் மட்டும் நிற்காமல் கூம்புகளை எல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு போய், அப்பால் குவித்திருந்த பனிக்குள் மூக்கைச் செருகியது.

அருளம்பலம் இறங்கிக் கூம்புகளைப் பொறுக்கினார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வந்தபோது இருந்த குழப்பம் இப்போது இரட்டிப்பாகிவிட்டது.

"நானும் இல்லை, காரும் இல்லை. அப்ப ஆர் ரீச்சர்?"

"அண்டைக்கு எவ்வளவில வந்தனீங்கள்?"

"முப்பதில."

"அந்த றோட்டில அறுபது போகலாமே?"

"போகலாம். பக்கத்தில மங்களம் இருந்தவ, என்ரை மனிசி. ஐஸைக் கண்டால் அவவுக்கு உயிர் போயிடும். மெல்லப் போங்கோ, மெல்லப் போங்கோ எண்டு வாய் ஓயாது. அவவின்ரை ஆக்கினை தாங்கேலாமல் உருட்டிக்கொண்டு வந்தனான்."

துளசிகா தலையாட்டினாள்.

"அதுதான் சனிக்கிழமை அவவை வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்," என்றார் அருளம்பலம். "பிள்ளையள் இருக்கேக்கை எனக்குக் கவனம் வேணுமெல்லோ."

துளசிகா அவர் கையிலிருந்த கூம்பை வாங்கினாள்.

"அப்ப சனிக்கிழமை ஆர் அண்ணை பிரேக் பிடிக்கிறது?"