தாளாளரின் பட்டங்கள்

பாலிடெக்னிக் ஆபீஸில் டைப் அடிப்பவள் செசிலி. தாளாளர் வைரவசுந்தரம் எல்லா கம்ப்யூட்டரிலும் ஏஐ உதவியாளர் ஒன்றைப் போட்டுவிட்டார். கேட்காமலே குறுக்கே வந்து திருத்தும் அது, வாட்ச்மேன் இறந்த செய்தியை "மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்" என்று முடித்துவைத்தது. திட்டு விழுந்தது செசிலிக்கு.

"இதை அணைச்சிடட்டுமா சார்?"

"அணைச்சா உன் வேலை போயிடும். அதுக்கு உன்னைவிட மூளை ஜாஸ்தி. சொல்றதையெல்லாம் அப்படியே கேளு. இன்னொரு தப்பு வந்தாலும் வீட்டுக்குப் போயிடு!"

"சரிங்க சார்," என்றாள் செசிலி, பரம சாதுவாக.

அடுத்து ஆண்டு விழா அழைப்பிதழ். வைரவசுந்தரம் பெயருக்கு முன்னால் கல்விக் கடல், கொடை மேகம், ஏழைகளின் விடிவெள்ளி என்று பட்டங்கள் வரிசைகட்டி நின்றன. "தேவையற்ற சொற்கள். நீக்கலாமா?" என்றது உதவியாளர். சரி என்று தட்டினாள். "இந்த நபர் யாரென்று தெரியவில்லை. பெயரையும் நீக்கலாமா?" அதற்கும் சரி என்று தட்டினாள்.

ஆசிரியர் கூட்டத்தில் அழைப்பிதழைப் பார்த்த வைரவசுந்தரம் அலறினார். "எங்கேம்மா என் பேரு?"

"நீங்க யாருன்னே தெரியலைன்னு அது சொல்லிச்சு சார். எனக்கு சங்கடமாத்தான் இருந்தது. ஆனா என்னைவிட மூளை ஜாஸ்தியாச்சே! தப்புன்னா சொல்லுங்க, இப்பவே கிளம்பிடறேன்."

மெக்கானிக்கல் வாத்தியாருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"தப்பு உன்மேல இல்லைம்மா! முதல்ல அந்த சனியனை அணை!"

அணைத்தாள். பட்டங்களையெல்லாம் திரும்ப அடித்தாள். கூடவே 'கணினி யுகத்தின் தந்தை' என்று புதிதாக ஒன்றும் சேர்த்தாள்.

அதை அவர் திருத்தவில்லை.