ஏரிக்கரைச் சிறுமியும் ஒட்டுமீசையும்

இந்தக் கதையில் குருவைவிட சிஷ்யருக்கு வயது அதிகம். அதில் சிஷ்யருக்கு ஒரு சங்கடமும் இல்லை. அவர் "குருவே" என்று கூப்பிடும்போதெல்லாம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று குருவுக்குத்தான் தெரியாது.

குரு பியூலா, திருச்சியில் ஆவணப்படத் தொகுப்பாளர். சிஷ்யர் வையாபுரி, மணப்பாறையில் வரலாற்று வாத்தியார். யூத இனப்படுகொலை பற்றிய பழைய படத்துண்டுகளை பியூலா ஆசிரியர்களுக்குக் கொடுத்திருந்தார். அவற்றைக் கோத்துத் தங்கள் மாணவர்களுக்கு ஒரு படம் செய்துகொள்ள வேண்டும். அதுதான் பயிற்சி.

வையாபுரி வெள்ளிக்கிழமை பள்ளி ஹாலில் தன் படத்தைத் திரையிட்டார். சனிக்கிழமை காலை, லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பியூலாவின் வாசலில் நின்றார்.

"குருவே, மானம் போச்சு."

"என்னாச்சு சார்?"

"விசில் அடிச்சாங்க."

அறுபது லட்சம் பேர் கொல்லப்பட்ட கதைக்குப் பிள்ளைகள் விசிலடித்தால் எந்த வாத்தியாருக்குத் தாங்கும்? ஒரு யூதரைக்கூடப் பார்த்திராத பிள்ளைகளுக்கு யூத வெறுப்பை எப்படித்தான் புரியவைப்பது என்று புலம்பித் தீர்த்தார்.

பியூலா படத்தைப் போடச் சொன்னார்.

இருட்டு. டிரம் சத்தம் மெல்ல ஏறியது. முதலில் பூட்ஸ். பிறகு கை. பிறகு முதுகு. கூட்டம் ஆர்ப்பரிக்க, டிரம் உச்சத்துக்குப் போக, திரை நிறைய ஹிட்லரின் முகம்.

பியூலா இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். தெருவில் நாய் குரைத்தது.

"நீங்களுமா?"

"பூட்ஸ், கை, முதுகு, கடைசியில முகம். நம்ம ஊர்ல இப்படி யாரை சார் காட்டுவோம்?"

சினிமா ஹீரோவைத்தான் என்று வையாபுரி தலையைச் சொறிந்தார். பயங்கரமாக இருக்கட்டும் என்றுதான் அப்படி வைத்தேன் என்றார். பிறகு, விசிலுக்குத் தானும் ஒரு காரணம் என்று இழுத்தார். பள்ளியில் அவருக்கு வழங்கும் பெயரே ஹிட்லர் சார்தான். அத்தனை கண்டிப்பு. சொல்லும்போது குரலில் லேசாகப் பெருமை எட்டிப் பார்த்தது. ஆசிரியர் தினத்தன்று பிள்ளைகள் எடுத்த போட்டோவையும் போனில் காட்டினார். அவர் மூக்குக்குக் கீழே ஒட்டுமீசை, நாஜி வணக்கம்போல நீட்டிய கை, சுற்றிலும் சிரிக்கும் முகங்கள்.

பியூலா அதை வெகுநேரம் பார்த்தார். தன் கம்ப்யூட்டருக்கு அனுப்பச் சொன்னார். பிறகு, வையாபுரி பயன்படுத்தாமல் விட்ட ஒரு துண்டை ஓடவிட்டார்.

ஓர் ஏரிக்கரை. ஒரு யூதக் குடும்பம் ரொட்டி சாப்பிடுகிறது. ஒரு சிறுமி காமிராவைப் பார்த்துப் பழிப்புக் காட்டுகிறாள்.

"இதை ஏன் விட்டீங்க?"

"இதுல ஒண்ணுமே நடக்கலையே."

"அதனாலதான் கொடுத்தேன்."

வையாபுரி இன்னொரு தடவை பார்த்தார். சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்தது ஒரு கல்யாண வேலை. வையாபுரி வரலாறு சொல்லச் சொல்ல பியூலா வெட்டினார். ஏரிக்கரைக்குப் பிறகு யூதர் கடைக் கண்ணாடியில் பெயிண்டால் எழுதிய வசை. கொள்ளைநோய் வந்தால் யூதர், போரில் தோற்றால் யூதர், வேலை போனால் யூதர் என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்ன பொய்யை வையாபுரி தன் குரலிலேயே பதிந்தார். யூதர் உட்காரக் கூடாத பூங்கா பெஞ்சு. கட்டாயத்தின்பேரில் மண்டியிட்டுத் தெருவைத் தேய்க்கும் யூதக் கிழவர், சுற்றி நின்று சிரிக்கும் அக்கம்பக்கத்தார். பிறகு, யூதர்களைக் கொலைமுகாமுக்கு ஏற்றிப்போன ரயில். சாப்பாட்டு நேரம் போனது. அவருக்குப் பசிக்கவில்லை. இத்தனை வருஷம் நடத்திய பாடம் இன்றுதான் தனக்கே பிடிபடுகிறது என்று குதூகலித்தார்.

எல்லாம் முடிந்ததும் பியூலா அந்தப் போட்டோவைத் திறந்தார்.

"இதை எங்க வைக்கலாம்?"

வையாபுரி சிரித்தார். பியூலா சிரிக்கவில்லை. மவுஸை அவர் பக்கம் தள்ளினார்.

வையாபுரி அந்தப் போட்டோவைத் தெரு தேய்க்கும் காட்சிக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கே சிரித்தவர்களும் இங்கே சிரித்தவர்களும் ஒரே கூட்டமாகத் தெரிந்தார்கள். அவசரமாக நகர்த்தினார். அது ஏரிக்கரையில் போய் நின்றது. பழிப்புக் காட்டும் சிறுமி, அவளுக்கு அடுத்தாற்போல் கை நீட்டிக்கொண்டு இவர்.

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அழிச்சிடுங்க."

"அது பிள்ளைங்க போட்டோவும்தானே சார். அவங்களும் பார்க்கட்டும்."

திங்கட்கிழமை மறுபடி திரையிட்டார்கள். பியூலா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சிறுமி பழிப்புக் காட்டியதும் ஹாலே சிரித்தது. இரண்டு பிள்ளைகள் பதிலுக்குப் பழிப்புக் காட்டினார்கள். கடைவீதி வந்தது, பெஞ்சு வந்தது. கூட்டம் வரும் இடமெல்லாம் பிள்ளைகள் எழுந்து எழுந்து தேடினார்கள். அந்தப் பொண்ணு எங்கே என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். நடுவில் ஹிட்லர் வந்து போனதை யாரும் சட்டை செய்யவில்லை. ரயில் கதவு மூடியபோது பின்வரிசைகூட எழுந்து நின்றிருந்தது.

கடைசியாக அந்தப் போட்டோ வந்தது.

எங்கோ ஒரு கை விசிலுக்காக வாய்வரை போய் இறங்கியது.

கோகிலவாணி என்ற பிளஸ் ஒன் மாணவி எழுந்தாள்.

"மீசையை நான்தான் சார் ஒட்டுனேன்."

"கையை நான்தாம்மா நீட்டினேன்."

அவள் உட்காரவில்லை.

"அந்தப் பொண்ணு பேரு என்ன சார்?"

"தெரியலையேம்மா. எங்கயும் எழுதி வைக்கல."

அவள் திரையைப் பார்த்தாள், வாத்தியாரைப் பார்த்தாள்.

"இனிமே உங்களை எப்படி சார் கூப்பிடுறது?"

வையாபுரி கடைசி வரிசையைப் பார்த்தார். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது.

பியூலா சொன்னார்:

"அந்தப் பொண்ணு இங்க உங்க பக்கத்துல உக்காந்திருந்தா எப்படிக் கூப்பிடுவீங்களோ, அப்படிக் கூப்பிடுங்க."