எட்வின் சார் பெட்டி

"எப்பத்தான் அம்மணி என் கையில ஒரு பெட்டிய முழுசாக் குடுப்பீங்க?" என்று சென்னியப்பன் கேட்டார்.

தமயந்தி பழைய ஆம்ப்ளிஃபையரின் கண்ணாடி வால்வு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழைக்கு முன்னாடி வந்தேன். இன்னும் தூசி தட்டறேன், ஸ்க்ரூ கழட்டறேன், திரும்ப மாட்டறேன். இதுக்கு மைக் செட்டே போட்டுட்டு இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்," என்றாள் தமயந்தி.

போத்தனூர் ரயில்வே காலனிக்கு எதிரே அவள் கடை. வால்வு ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்க பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் அவளைத் தேடி வருவார்கள். வயது முப்பத்தைந்து இருக்கும். சென்னியப்பன் அவளைவிட இருபது வயது மூத்தவர். கல்யாணத்துக்கும் கோயில் நோம்பிக்கும் மைக் செட் கட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் இந்தத் தெருவில் ஒரு வால்வுப் பெட்டி பாடியதைக் கேட்டார். தொழிலைத் தம்பியிடம் விட்டுவிட்டு இங்கே கற்க வந்துவிட்டார்.

நின்றால் அவருக்குக் கால் ஆடும். உட்கார்ந்தால் விரல் தாளம் போடும்.

அன்று எட்வின் சார் வந்தார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவர். அவருடைய கிட்டார் ஆம்ப்ளிஃபையரை ஆட்டோக்காரர் தூக்கி வந்து வைத்தார். கருப்புப் பெயின்ட் அடித்த கனமான பெட்டி.

"ஸ்டெல்லா இதை வால்ல மிதிபட்ட பூனைங்கறா," என்றார் எட்வின் சார். "அவதான் எங்க குழுவுக்குத் தலைவி. எல்லாருக்கும் காது கூசுதாம். போன வாரம் ஒரு கைக்குழந்தை அழுதுச்சாம். அதுக்கும் நான்தான் காரணமாம்."

"உங்களுக்கு எப்படி சார் கேக்குது?"

"எனக்கு ஒரு குறையும் தெரியலம்மா. ஆனா அவ சொல்லிட்டா. வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ, அப்படிப் பழையபடி ஆகணும். இல்லேன்னா இந்த ஞாயிற்றுக்கிழமையிலேர்ந்து நான் கடைசி பெஞ்சுல உக்காந்து கை தட்டிக்கலாம்."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அந்த ஒரு நாளுக்குத்தான் நான் சட்டைக்கு இஸ்திரி போடறதே."

அவர் போனதும் தமயந்தி பெட்டியைச் சென்னியப்பன் பக்கம் தள்ளினாள்.

"முழுசா," என்றாள்.

சென்னியப்பன் உடனே ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைப் பிளக்கில் சொருகினார்.

"முதல்ல இது என்னன்னு சொல்லுங்ணா," என்றாள் தமயந்தி.

"ஆம்ப்ளிஃபையர்."

"அது ஆட்டோக்காரருக்கே தெரியும்."

சென்னியப்பன் பெட்டியை ஓடவிட்டு, கடையிலிருந்த கிட்டாரின் கம்பியைச் சுண்டினார். தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. அவருக்கே பல் கூசியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பலகையைக் கழற்றி, உள்ளே கையை விட்டார்.

அடுத்த நொடி சுவரோரம் கிடந்தார்.

"அட கெரகமே! பிளக்கைத்தான் பிடுங்கிட்டனே!"

"பிடுங்கினாலும் உள்ள தேங்கி நிக்கும்." தமயந்தி ஒரு கம்பியை வைத்து மிச்சமிருந்த மின்சாரத்தை மெல்ல இறக்கினாள். "அவசரத்துல அண்டாவுக்குள்ளயே கை போகாதும்பாங்க. உங்களுக்குப் போயிருச்சுங்ணா."

மறுநாள் காலை சென்னியப்பன் கடை திறப்பதற்கு முன்பே வந்து நின்றார். பெயின்டைச் சுரண்டினார். டிரான்ஸ்ஃபார்மரில் குத்தியிருந்த எண்ணைத் துடைத்துப் படித்தார். தகரத்தில் இருந்த ஓட்டைகளை விரலால் தடவினார்.

"கண்டுபிடிச்சுட்டேன் அம்மணி. சீமையில செஞ்சது. அறுபதுக்கு முந்தி. பெரிய வால்வு ரெண்டு, சின்னது மூணு. முன்பக்கம் நாலு குமிழ் இருந்திருக்குது. ட்ரெபிளைக் குறைக்கிற குமிழை எடுத்துட்டு ஓட்டையத் தகரம் வெச்சு அடைச்சிருக்காங்க."

ட்ரெபிள் என்பது உச்சத்தில் ஊசிபோல் குத்தும் சத்தம்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கழுதைங்க கை வெச்சிருக்குதுங்க."

"எத்தனை கழுதை?"

அவர் அதைப் பார்க்கவில்லை. வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

ஈயம் பற்றவைத்த இடங்களைப் பார்த்தார். ஒருவர் வைத்தது கடுகுபோல உருண்டு, சுத்தமாக இருந்தது. இன்னொருவருடையது காக்கை எச்சம். மூன்றாமவர் பற்றவைக்கப் பூசிய பிசினைத் துடைக்காமலே போயிருந்தார்.

"மூணு பேருங்க."

"எது முதல்ல வந்தது?"

"அதெல்லாம் எதுக்குங்க? மூணையும் பிடுங்கிப் போட்டா பழையபடி ஆயிரும். நாளன்னிக்கு ஞாயித்துக்கிழமை!"

தமயந்தி டீ வாங்கப் போய்விட்டாள்.

சென்னியப்பன் வாசலுக்குப் போனார். வந்தார். இடுக்கியை எடுத்தார். கீழே வைத்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எந்த ஈயம் அதிகம் மங்கியிருக்கிறது, எதில் தூசி தடித்திருக்கிறது என்று பார்த்தார்.

அவள் டீயோடு வந்தபோது சொன்னார்.

"கடுகு மாதிரி வெச்சவர்தான் முதல். ட்ரெபிள் கொஞ்சம் கூடறதுக்கு ஒரு சின்ன கெப்பாசிட்டர் போட்டிருக்கார். அடுத்து காக்கா எச்சம். அதே இடத்துல, அதைவிடப் பெருசு. கடைசி ஆள் குமிழையே எடுத்துட்டார். போதாக்குறைக்கு கீச்சுச் சத்தத்துக்குன்னே இருக்கற ட்வீட்டர் ஸ்பீக்கரையும் மாட்டியிருக்கார். எங்க மைக் செட்டுல ஊர் எல்லை வரைக்கும் கேக்கறதுக்குப் போடறது. அதை ஒரு வீட்டுப் பெட்டியில!"

"ம்."

"மூணு பேரும் ஒரே பக்கமா இழுத்திருக்காங்க. முதல் ஆள் செஞ்சது பத்தலைன்னு அடுத்தவர், அதுவும் பத்தலைன்னு..."

"யாருக்குப் பத்தல?"

"அது எனக்கெப்படிங்க தெரியும்? நான் என்ன கூட இருந்தனா?"

தமயந்தி மேசை இழுப்பறையைத் திறந்தாள். கொஞ்சம் பஞ்சை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இது எதுக்கு?"

அவள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டார். அவள் பெட்டியை ஓடவிட்டுக் கிட்டாரைச் சுண்டினாள்.

நல்ல சத்தம். குத்தவில்லை, கீச்சிடவில்லை. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெரிந்தது.

பஞ்சை எடுத்தார். பல் கூசியது.

மறுபடி அடைத்தார். மறுபடி எடுத்தார்.

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தன் காதைப் பத்தி எட்வின் சாருக்குத் தெரியுங்களா?"

தமயந்தி டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"மூணு மெக்கானிக்குங்க. ஒருத்தனுக்குக் கூடவா தெரியாமப் போச்சு?"

"அவங்கவங்க கேட்ட வேலையச் செஞ்சு குடுத்திருக்காங்க."

"நான் என்ன செய்யறது? பழையபடி ஆக்கினா அவருக்குக் கேக்காது. இப்படியே விட்டா ஸ்டெல்லாம்மா உள்ள விட மாட்டாங்க." அவர் எழுந்துவிட்டார். வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார். "ஏதாச்சும் சொல்லுங்க அம்மணி. நீங்கதானே இங்க குரு."

"அயர்ன் சூடாயிருச்சு," என்றாள் தமயந்தி.

அவர் அன்று மாலைக்குள் இரண்டு கெப்பாசிட்டர்களையும் எடுத்துத் தகர மூடியில் போட்டார். ட்வீட்டரைக் கழற்றினார். அடைத்த ஓட்டையைத் திறந்து குமிழைப் பொருத்தினார். பெட்டி செய்யப்பட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆனது.

சனிக்கிழமை எட்வின் சார் கிட்டாரோடு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கீர்த்தனையை வாசித்தார்.

அவர் விரலில் இன்னும் குறையில்லை. பெட்டி அதை அப்படியே எடுத்துச் சொன்னது. தெருவில் கீரைக்காரப் பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றாள்.

எட்வின் சார் பாதியில் நிறுத்தினார்.

"கம்பளியப் போட்டு மூடின மாதிரி இருக்கே."

"பழையபடிதாங்க சார்," என்றார் சென்னியப்பன்.

"பழைய சத்தம் இப்படி இருக்காதுங்க. எனக்கு ஞாபகம் இருக்கு." பெட்டியைத் திருப்பி உள்ளே எட்டிப் பார்த்தார். "உள்ள எங்கயோ ஏதோ மங்கிப் போயிருக்கு. கொஞ்சமாக் கூர்மை வையுங்க. ரொம்ப வேணாம். ஸ்டெல்லாவுக்குத் தெரியாத அளவுக்கு."

சென்னியப்பன் தமயந்தியைப் பார்த்தார். அவள் வேறொரு பெட்டியின் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"முடியுமா, முடியாதாங்க?"

"முடியுங்க சார். ரெண்டு நிமிச வேலை."

அவர் தகர மூடியிலிருந்து சின்ன கெப்பாசிட்டரை எடுத்தார். அயர்னை எடுத்தார். எட்வின் சாரின் முகம் அதற்குள்ளேயே தெளிந்துவிட்டது. நாளைக்கு வாசிக்கப்போகும் பாட்டுக்கு விரலால் தொடையில் தாளம் போட ஆரம்பித்திருந்தார்.

சென்னியப்பன் பெட்டிக்குள் குனிந்தார். பற்றவைக்க வேண்டிய இடத்தில் முதல் மெக்கானிக் வைத்த ஈயத்தின் தடம் இருந்தது. கடுகளவு. நல்ல கைவேலைக்காரர். அவசரமில்லாதவர். கழுதையே இல்லை.

அவரும் இப்படித்தான் குனிந்திருப்பார். எட்வின் சார் இப்படித்தான் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்திருப்பார்.

அயர்னின் முனையிலிருந்து புகை எழுந்தது.

சென்னியப்பன் அதைத் தாங்கியில் வைத்தார். கெப்பாசிட்டரையும் வைத்தார். கையைச் சட்டையில் துடைத்தார். இன்னொரு தரமும் துடைத்தார்.

"சார்..." என்றார். "பெட்டியில ஒரு கோளாறும் இல்லீங்க சார்."

அவர் குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

எட்வின் சார் தாளத்தை நிறுத்தினார். முகத்தைத் திருப்பி, வலது காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார்.

"என்ன சொன்னீங்க?"

கூரையில் மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

தமயந்தி எழுந்து போய் அதை நிறுத்தினாள்.

"சொல்லுங்ணா," என்றாள்.