இசக்கிமுத்து கறியை விட்ட கதை

தென்காசிப் பக்கம் ஒரு மிலிட்டரி ஓட்டலில் இசக்கிமுத்து தலைமைச் சமையல்காரராக இருந்தார். அவர் வைக்கும் ஆட்டுக்கறிக் குழம்புக்காகவே லாரிகள் அங்கே நிற்கும். ஒருநாள், கொல்லைப்புறத்தில் கட்டியிருந்த ஆட்டை வெட்டுக்கு அவிழ்க்கப் போனவர், அது தன்னையே பார்ப்பதைக் கண்டு, கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை.

மலையடிவாரத்தில் ஆவுடையம்மை நடத்திவந்த மடத்தில் போய்ச் சேர்ந்தார். ஆவுடையம்மை வயதில் அவருக்கு இளையவர். ஆனாலும் இசக்கிமுத்து அவரைத் தாயே என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார். அந்த மடத்தில் கறி, மீன் மட்டுமல்ல, பால், தயிர், நெய்யும் கிடையாது.

சமையற்கட்டை ஆவுடையம்மை அவரிடமே ஒப்படைத்தார்.

சில மாதங்கள் போயின. பந்தியில் உட்கார்ந்தவர்கள் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார்கள். யாரும் மறுசோறு கேட்கவில்லை. அரைவயிற்றோடு தோட்டத்துக்குப் போய்ச் சோர்ந்து திரும்பினார்கள். இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கே போய்விட்டார்கள்.

ஒரு காலையில் இசக்கிமுத்துவும் பையோடு வந்து நின்றார்.

"நான் கெளம்புதேன் தாயே."

"ஏன்?"

"நேத்து சாமான் வாங்கப் போனேன். ஓட்டல் வாசல்ல கறி வாசனை. கால் நகரல. உள்ள போகல, ஆனா வாயெல்லாம் எச்சி ஊறிட்டு. நான் கறியை விட்டுட்டேன், அது என்னை விட மாட்டேங்குது. ஏன்னுதான் புரியல."

ஆவுடையம்மை அவரை உட்காரச் சொன்னார்.

"ஓட்டல்ல அந்தக் கறிக்குழம்பை எப்படி வைப்பீங்க? சொல்லுங்க."

இசக்கிமுத்து பையைக் கீழே வைத்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். மல்லி, மிளகு, சோம்பு, எதையும் ஒன்றாகப் போட்டு வறுக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம். தேங்காயை அம்மியில்தான் அரைக்க வேண்டும். சொல்லச் சொல்ல அவர் குரல் எழும்பியது. கை காற்றில் கிண்டியது.

"கறியை எப்பப் போடுவீங்க?"

"அதுக்கு நேரம் கெடக்கு தாயே. நல்லெண்ணெயில சின்ன வெங்காயம் செவந்து, மசாலா பச்சை வாசனை போகணும். தெருவே மணக்கும். அப்புறம்தான் கறி."

"அப்போ கறி விழறதுக்கு முன்னாலயே தெரு மணந்துட்டு?"

காற்றில் கிண்டிய கையை இசக்கிமுத்து இறக்கிக்கொண்டார்.

"நேத்து கத்தரிக்காயை என்ன செஞ்சீங்க?"

"அவிச்சேன்."

"வேற?"

"உப்புப் போட்டேன்."

"தாளிக்கலையா?"

"துறந்து வந்தவங்களுக்கு எதுக்குத் தாயே தாளிதம்?"

ஆவுடையம்மை எழுந்து சமையற்கட்டுக்கு நடந்தார். அங்கே மொச்சை ஊறிக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு பலாக்காய் கிடந்தது.

"அதே குழம்பை இன்னைக்கு வைங்க. ஆடு மட்டும் வேண்டாம்."

இசக்கிமுத்து மல்லி, மிளகு, சோம்பு ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து அரைத்தார். பலாக்காய்த் துண்டுகளை ஓரம் முறுகும்வரை எண்ணெயில் பிரட்டினார். மொச்சையோடு மசாலாவில் இறக்கி, கெட்டித் தேங்காய்ப்பால் விட்டு, தீயைத் தணித்தார். அடுப்பைவிட்டு நகரவே இல்லை. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

அன்று பந்தியில் குழம்பு வாளி போதவில்லை. கடைசியில் சட்டியை வழித்துத்தான் இசக்கிமுத்து சாப்பிட்டார். ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை.

"தாயே, ஒரு சந்தேகம்."

"வயிறு நெறஞ்சுதா?"

"நெறஞ்சுது."

"இப்போ அந்த ஓட்டல் வாசல்ல நின்னா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "பேசாம தாண்டிப் போயிருவேன்னு நெனைக்கேன். ஆனா... எல்லாத்தையும் விட்டு வந்தவன் சோத்துல இவ்வளவு ருசி இருக்கலாமா?"

ஆவுடையம்மை இலையை மடித்துக்கொண்டே கேட்டார்:

"ஆடு உங்ககிட்ட அது உயிரைத்தானே கேட்டுச்சு அண்ணாச்சி? உங்க கைமணத்தையும் சேர்த்து ஏன் குடுத்தீங்க?"